ரிம் தட்டுகிற இடம்

அன்புள்ள தம்பிக்கு,

சைக்கிளில் முன் பிரேக் பிடித்தால் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'கடக்'கென்று கவ்வி விடுகிறது, புதுப் பிரேக் கட்டை போட்டும் போகவில்லை என்று எழுதியிருந்தாய். இன்னொரு ஜோடி கட்டை வாங்கிக் காசைக் கரியாக்காதே. சுற்றுக்கு ஒரு தடவை தவறாமல் வருகிற கோளாறு, சுற்றுகிற பொருளில்தான் இருக்கும்.

ரிம்மை, அதாவது சக்கரத்தின் வெளி வளையத்தை, தொடுமுன் ஒரு சோதனை. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசை. ஹேண்டில் கோனில், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில், 'டொக் டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் முதலில் அதை முறுக்கு. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி அதன் நடுக்குடமான ஹப்பின் ஆட்டத்தையும் பார்த்துவிடு.

அடுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே லீவரை லேசாகப் பிடி. தட்டும்போது லீவர் உன் விரலை வெளியே உதைக்கிறதா? உதைத்தால் அந்த இடத்தில் ரிம் அகலமாக இருக்கிறது. லீவர் அசையாமல் பிடிமானம் மட்டும் கூடிக் குறைந்தால் எண்ணெய்ப் பிசுக்கு. ஸ்பிரிட்டில் துணி நனைத்து இரண்டு பக்கமும் துடைத்தால் போதும்.

கடையில் கோட்டம் எடுக்க, அதாவது ஸ்போக்ஸை முறுக்கிச் சக்கரத்தை நேராக்க, சொல்வார்கள். எடுக்கலாம், ஆனால் இந்த உதைப்புக்கு அது மருந்து இல்லை. உன் வண்டியில் இருப்பது வி-பிரேக். ரிம்மின் இருபுறமும் கட்டையைத் தாங்கும் பிரேக்கின் இரண்டு கைகளையும் ஒரே கேபிள் இழுக்கிறது. ரிம் இடப்பக்கம் ஒதுங்கினால் இரண்டு கையும் சேர்ந்தே ஒதுங்கும், லீவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அகலம் கூடினால்தான் இரண்டும் விரிந்து கேபிளை இழுக்கும்.

வண்டியைக் கவிழ்த்து வை. லீவரை லேசாகப் பிடித்தபடி சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்று, இறுகுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடு. கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. வால்வு ஓட்டைக்கு நேர் எதிரே விழுந்தால் அது ரிம்மின் இணைப்பு. அலுமினியப் பட்டையை வளைத்து இரண்டு முனைகளைச் சேர்க்கும் இடம் அது. உள்ளே உலோக முளை அடித்து இணைத்த ரிம்மில் அங்கே சின்னப் படி நிற்கும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் மாட்டும். வேறு எங்காவது விழுந்தால், சக்கரம் சாலைப் பள்ளத்தில் இறங்கி ரிம்மின் உதடு, அதாவது டயரைப் பிடிக்கும் ஓரம், வெளியே பிதுங்கியிருக்கும். காற்றுக் குறைவாக ஓட்டினால் இதுதான் நடக்கும்.

அகலத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவி ஒன்றை இரவல் வாங்கு. கட்டை உரசும் பட்டையின் வெளி அகலத்தை, கோடு போட்ட இடத்திலும் வேறு மூன்று இடங்களிலும் அள. 0.1 மில்லிமீட்டர் வித்தியாசத்தை விட்டுவிடு, 0.3 இருந்தாலே கைக்குத் தெரியும். பிறகு காற்றை முழுக்க இறக்கிவிட்டு அதே நாலு இடத்தையும் அள. இதைத் தவறவிடாதே. காற்று இறங்கியதும் எல்லா இடமும் ஒரே அளவாகக் கொஞ்சம் சுருங்கினால் பயமில்லை. கோடு போட்ட இடம் மட்டும் கணிசமாகச் சுருங்கினால், ரிம்மில் கட்டை உரசும் பக்கச் சுவர் தேய்ந்து மெலிந்திருக்கிறது, அல்லது விரிசல் விட்டிருக்கிறது. அந்தச் சக்கரத்தில் மறுபடி காற்று அடிக்காதே, ஓட்டவும் ஓட்டாதே. பிரேக் பிடிக்கிற நேரத்தில் சுவர் பிளந்தால் ட்யூப் வெடித்து நீ கீழே கிடப்பாய். தேய்மானம் காட்டும் பள்ளக்கோடு ரிம்மில் தேய்ந்து மறைந்துபோயிருந்தாலும் ரிம் மாற்ற வேண்டியதுதான்.

இணைப்பில் வெறும் படி என்றால் எளிது. 400 நம்பர் உப்புத்தாளைத் தட்டையான மரத்துண்டில் சுற்றி, படியின் இருபுறமும் நாலைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு நீளவாக்கில் தேய். நகம் மாட்டாமல் போனதும் நிறுத்து. விரலில் தாளைச் சுற்றித் தேய்த்தால் குழி விழும். பிதுங்கிய உதட்டை மட்டும் தேய்க்கவே கூடாது. அங்கே உலோகம் கூடவில்லை, வளைந்துதான் இருக்கிறது. தேய்த்தால் சுவர் மெலியும். டயரைக் கழற்றி, ஸ்க்ரூ ஸ்பேனர் வாயில் துணி வைத்து உதட்டைப் பிடித்துக் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே மடக்கு. அலுமினியம் ஒரு தரம் வளைந்து கொடுக்கும். முன்னும் பின்னும் வளைத்தால் கீறல் விடும்.

முடிந்ததும் பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார். மினுக்கும் அலுமினியத் துகள் பதிந்திருந்தால் ஊக்கால் நோண்டி எடு, வழவழப்பான மேல்தோலை உப்புத்தாளில் தேய்த்துவிடு. திருப்பி மாட்டும்போது சக்கரம் சுழலும் திசையில் முன்முனை முதலில் ரிம்மைத் தொடட்டும், பின்முனையில் 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

ரிம்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால், ஸ்போக்ஸ் ஓட்டை 32-ஆ 36-ஆ என்று எண்ணிவிட்டு, டயர் ஓரத்தில் இருக்கும் அளவையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போ. அதற்கு முன் வெர்னியர் அளவுகளை, காற்றோடு நாலு, காற்றில்லாமல் நாலு, எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா