தட்டு கோணாமல் வந்ததற்குக் காரணமானவர்களுக்கு நன்றி

புதுச்சேரியில் நாங்கள் நடத்திய மட்பாண்டப் பயிலரங்கு நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டுத் தட்டு, கிண்ணம், டம்ளர் என எல்லாமே சக்கரம் இல்லாமல் கையாலேயே செய்தவை. வந்தவர்கள் பார்த்தது மேசைமேல் நடந்த வேலையை மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் உழைத்தவர்களை அவர்கள் பார்க்கவில்லை. அப்படி உழைத்தவர்களுக்காகவே இந்த மடல்.

மண் பிசைந்து தந்த அண்ணன்களுக்கு முதல் நன்றி. ஒவ்வோர் உருண்டையையும் கம்பியால் அறுத்து, வெட்டிய முகத்தில் காற்றுக் குமிழ் இல்லை என்று பார்த்த பிறகே, ஒரு கிலோ எடையில் ஈரச் சாக்குக்குள் வைத்தீர்கள். இந்த ஸ்டோன்வேர் மண் (அதிக வெப்பத்தில் சுட்டுக் கல்போல் இறுக வைக்கும் மண்) 12 சதவீதம் சுருங்கும் என்று சோதனைத் துண்டு சுட்டு முன்பே அளந்து சொன்னதும் நீங்கள்தான். 28 செ.மீ. விட்டத்தில் வெட்டிய தட்டு, சூளையிலிருந்து ஏறக்குறைய 24.5 செ.மீ. ஆக வெளிவந்தது. அது தெரியாமல் வெட்டியிருந்தால் சாப்பாட்டுத் தட்டு டிபன் தட்டாகியிருக்கும்.

6 மி.மீ. கனத்தில் ரீப்பர்களை (மரச் சட்டங்களை) இழைத்துத் தந்த ஆசாரிக்கு நன்றி. இருபக்கமும் ரீப்பரை வைத்து உருளையை ஓட்டினால் மண் எங்கும் ஒரே கனத்தில் நிற்கும். ஒரு பக்கம் மெலிந்தால் அது முதலில் காய்ந்து மற்ற பக்கத்தை இழுக்கும், தட்டு கோணும்.

எவர்சில்வர் தட்டுகளை அச்சாகத் தந்த தெருக்காரர்களுக்கும் நன்றி. உள்ளே பழைய வேட்டித் துணியை விரித்து, அதன்மேல் மண்ணை இறக்கினோம். தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் மண்ணைப் போர்த்திக் காயவிட்டால், சுருங்க இடமில்லாமல் வெடித்துவிடும். துணியில் சுருக்கம் இருந்தால் அது அப்படியே மண்ணில் பதியும். அதனால்தான் ஒவ்வொரு துண்டையும் இஸ்திரி போட்டுக் கொடுத்தார்கள்.

எங்கள் பெரிய நன்றி, காயவைக்கும் வேலையை முறைபோட்டுப் பார்த்துக்கொண்ட அக்காக்களுக்கு. தட்டு கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கடல் காற்றில் விளிம்பு முந்திக்கொண்டு காயும். நடு ஈரமாகவே இருக்கும். விளிம்பில் விரிசல் விழும். நீங்கள் விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைப் போட்டு, நடுவை மட்டும் திறந்து வைத்தீர்கள். மண் பாதி காய்ந்து தோல்போல் இறுகும் பதத்துக்கு வந்ததும், இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துத் திருப்பினீர்கள். யாரும் விளிம்பைப் பிடித்துத் தூக்கவில்லை. ஒருமுறை வளைந்த மண்ணை நிமிர்த்தி வைத்தாலும் சூளையில் பழையபடி வளைந்துவிடும். மின்விசிறியைப் போடவிடாமல் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி.

கிளேஸ் (சுட்டதும் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சு) கலக்கித் தந்தவர்கள், உணவு படும் உட்புறத்துக்குத் தாமிரப் பச்சை வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தது சரி. சோதனைத் துண்டில் எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்க வைத்து, நிறம் மாறிய கிளேஸை ஒதுக்கினார்கள். நிறம் மாறாதது மட்டுமே முழுப் பாதுகாப்புக்குச் சான்றாகிவிடாது. ஆனால் புளியும் சாம்பாரும் தினம் படும் பாத்திரத்துக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

சூளையைக் கொடுத்து இரவெல்லாம் கண்விழித்தவருக்கு என்ன சொன்னாலும் போதாது. கிளேஸ் பூசுவதற்கு முன் சுடும் முதல் சூட்டில், வெப்பம் நூறு டிகிரியைத் தொடும் முன், பார்வைத் துளையருகே சின்னக் கண்ணாடியைக் காட்டுவார். கண்ணாடி ஆவிபடிந்து மங்கினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வெப்பத்தை ஏற்ற மாட்டார். அவசரப்பட்டால் நீராவி தட்டை உடைத்துவிடும். முதல் சூடு 1000 டிகிரி செல்சியஸ், கிளேஸ் பூசிய பின் சுடும் சூடு 1220. உச்சியில் கால் மணி நேரம் நிறுத்தி வைத்ததால், கிளேஸில் ஊசித்துளைகள் அதிகம் விழவில்லை.

1971-ல் மட்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கிய ஊர் இது. ஸ்டோன்வேர் அறிந்த கைகள் இங்கே கூப்பிட்ட தூரத்தில் கிடைப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

எவர்சில்வர் தட்டுகளைக் கழுவிப் பெயர்ச் சீட்டோடு அடுக்கியிருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே வீட்டுக்கொரு கிண்ணமும் இருக்கிறது. ரசம், மோர், பாயசம் எதற்கும் புழங்கலாம். அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். நேரடித் தீயில் விரிசல் விட்டுவிடும்.

அன்புடன்,
பயிலரங்குக் குழுவினர்