குளத்துப் பதிவேடுகளைக் காப்பாற்றிய கைகளுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நம் இயற்கை மையத்தின் கதவு நேற்று மறுபடி திறந்தது. பிள்ளைகள் வலையும் வெள்ளைத் தட்டுமாகக் குளக்கரைக்கு ஓடினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். வெள்ளத்தில் நடந்தது என்னவென்று உங்களுக்கெல்லாம் தெரியும். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைச் சுவரே காட்டிக்கொண்டிருக்கிறது. நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

நீர் வடிந்த மறுநாள் காலை மேசை, நுண்ணோக்கி, பாடப் படங்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெளியே தூக்கிக்கொண்டிருந்தோம். குளத்தில் பார்த்ததைப் பிள்ளைகள் எழுதிவைக்கும் நோட்டுகளான குளத்துப் பதிவேடுகள் ஊறிப்போய் ஒரு மூலையில் கிடந்தன. அவை போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இரண்டை மட்டும் பிரித்து வெயிலில் வைத்தேன். அப்போது ஓர் அம்மா வந்தார். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன் மையத்துக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “இதுல எது போனா திரும்பக் கிடைக்காது?”

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நுண்ணோக்கியை வாங்கிவிடலாம், வலையைத் தைத்துவிடலாம். குளத்துக்கு இந்த ஆண்டின் முதல் தட்டான் எந்த நாளில் வந்தது, மழைக்குப் பிறகு எத்தனை நாள் கழித்துத் தவளைகள் கத்தத் தொடங்கின, இதெல்லாம் அந்த நோட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது. போன வருடத்து மாலையில் மறுபடி போய் நின்று எண்ண முடியாதே.

அம்மா முதலில் வெயிலில் இருந்த இரண்டையும் எடுத்து மூடினார். ஈரத் தாளைப் பிரிக்கக் கூடாது, கிழிந்துவிடும் என்றார். ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறையில் சுற்றினார். தன் வீட்டு ஃப்ரீசரிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அவற்றை அடுக்கினார். நனைந்த தாளில் இரண்டே நாளில் பூசணம் பிடிக்க ஆரம்பித்துவிடுமாம். உறைய வைத்தால் அது அப்படியே நிற்கும், நமக்கு அவகாசம் கிடைக்கும். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பனி விட்டதும், பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சுதாள் வைத்து, அது ஈரமானதும் மாற்றி, மறுபடி மாற்றி, வாரக்கணக்கில் உலர்த்தினார். ஒரு நாள்கூட எங்களை உதவிக்குக் கூப்பிடவில்லை. நாங்கள் சேற்றில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

எழுத்து அழியாமல் இருந்ததற்குக் காரணம் பென்சில். களத்தில் பென்சிலால்தான் எழுத வேண்டும், மை நீரில் கரைந்துவிடும் என்று பிள்ளைகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். பேனாவால் எழுதிய தலைப்புகள் நீலக் கறையாகிவிட்டன. பிள்ளைகள் எழுதியது அப்படியே இருக்கிறது.

உலர்ந்து வந்த முதல் நோட்டைப் பிரித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. “இன்று ஒரு தவளைகூடக் கத்தவில்லை. அரை மணி நேரம் நின்றோம்.” எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் கையெழுத்து. ஒன்றும் இல்லை என்றாலும் எழுது, தெரியாததைத் தெரியாது என்று எழுது என்பதுதான் நாங்கள் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். தவளை தோலாலும் மூச்சு விடுகிற உயிர். நீரில் கலந்த நஞ்சு அதன் உடம்புக்குள் எளிதாகப் போய்விடும். ஆகவே அது சத்தம் போடாத நாளும் குளத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது. அந்தப் பிள்ளை பொறுமையாக நின்று எழுதியதை முன்பின் தெரியாத ஒருவர் அதே பொறுமையோடு காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

சேறு வாரியவர்கள், மதில் கட்டியவர்கள், உள்ளே புகுந்த பாம்புகளை அடிக்காமல் காத்திருந்து பாதுகாப்பாக விட்டுவந்தவர்கள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. நீரோடு வந்து குளத்தை மூடிய ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்ட இளைஞர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி படர்ந்து வெளிச்சத்தை மறைத்து, நீரில் உயிர்க்காற்றைக் குறைத்துவிடும் செடி அது. விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால் வேலை முடியவில்லை, மறுபடியும் கூப்பிடுவோம். வந்துவிடுங்கள்.

நேற்றுத் தட்டில் தட்டானின் இளவுயிரிகள் இரண்டு அகப்பட்டன. பிள்ளைகள் எண்ணினார்கள், எழுதினார்கள், திரும்ப நீரிலேயே விட்டார்கள். இனி ஒவ்வொரு வாரமும் எழுதிய பக்கங்களைப் படமெடுத்து வேறோர் இடத்திலும் வைப்போம். இதை நான் முன்பே செய்திருக்க வேண்டும். இனி ஒரு வாரமும் தவறாது.

அம்மா, உங்கள் பெயரைப் போடக் கூடாது என்றீர்கள், போடவில்லை. மூன்றாவது பதிவேட்டின் கடைசிப் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. யாரும் கை வைக்கவில்லை. நீங்கள் வரும்வரை அப்படியே வைத்திருக்கிறோம்.