மெலிந்த காற்றிலும் தடை உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அண்மையில் வெளிவந்த செயற்கைக்கோள் கட்டுரையில், 400 கிலோமீட்டர் உயரத்தில் காற்றே இல்லை, ஆகவே தடையும் இல்லை என்று எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பிள்ளைகள் இருவர் என்னிடம் விளக்கம் கேட்டு வந்ததால் இதை எழுதுகிறேன்.

1973-இல் ஏறத்தாழ 435 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்ட அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம், அங்குள்ள மெல்லிய காற்றில் மோதி மோதியே உயரம் இழந்து, 1979 ஜூலை 11 அன்று விழுந்தது. உலகம் முடியப் போகிறதென்று பாலக்கோட்டில் ஆட்டையும் கோழியையும் அடித்துச் சாப்பிட்டவர்களை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன்.

தரைமட்டத்தில் ஒரு மூலக்கூறு அடுத்ததன்மீது மோதுவதற்குள் கடக்கும் தூரம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் காற்று தண்ணீரைப் போலப் பொருளைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. 400 கிலோமீட்டர் உயரத்திலோ அத்தூரமே பல கிலோமீட்டர் ஆகிவிடுவதால், ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக வந்து, நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் விரையும் செயற்கைக்கோளின் முகப்பில் அறைபடுகிறது. பட்டது கண்ணாடியில் பட்ட ஒளிபோலத் திரும்புகிறதா, பரப்பில் ஒரு கணம் தங்கி அதன் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு எல்லாப் பக்கமும் சிதறுகிறதா என்பதைப் பொறுத்தே தடை அமைகிறது. சாதாரணக் காற்றில் கோள வடிவப் பொருளுக்கு 0.5-ஐ ஒட்டியிருக்கும் இழுவிசைக் குணகம் (தடையின் அளவைக் காட்டும் எண்), அங்கே 2-ஐத் தாண்டிவிடுகிறது.

இதைச் சூத்திரத்தால் மட்டும் பெற முடியாது, அளந்துதான் ஆக வேண்டும். வெற்றிடக் கலத்துக்குள் மாதிரியை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, அதன்மீது வாயுக் கற்றையைப் பாய்ச்சி, கம்பி எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதைச் சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பும் லேசர் புள்ளியின் நகர்வைக் கொண்டு கணக்கிடுவது ஒரு வழி. விசை மிகவும் சிறியது. தரையின் லேசான அதிர்வே அளவைக் குலைத்துவிடும்.

காற்று மெலிந்தாலும் தடை இருக்கும் என்பதற்குப் பழைய சோதனை ஒன்றும் உண்டு. நிலையான தகடுகளுக்கு நடுவே ஊசலாடும் வட்டுகளை வைத்து, அழுத்தம் குறைந்தாலும் காற்றின் பாகுநிலை, அதாவது அதன் உள் உராய்வு, மாறுவதில்லை என்று 1866-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் வெளியிட்டார். அதைப் பள்ளியில் நான் மணி ஜாடிக்குள் (காற்றை உறிஞ்சி எடுக்கக்கூடிய கண்ணாடி மூடிக்குள்) செய்து காட்டியபோது, பாதிக் காற்றை உறிஞ்சிய பின்னும் பித்தளை வட்டின் ஆட்டம் முன்போலவே அடங்கியதைக் கண்ட மாணவர்கள், பம்ப் ஓடவில்லை என்றே நினைத்தார்கள். அவர்களுக்கு அன்று ஏற்பட்ட வியப்பு இன்றைய பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகள் இத்தகைய கருவி ஒன்றை அமைத்து, ஆண்டுக்குச் சில நாட்களேனும் பள்ளி மாணவர்கள் தொட்டுப் பார்த்து அளக்க அனுமதிக்க வேண்டுகிறேன். கட்டுரைக்கான திருத்தத்தையும் அதே மாணவர் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.