நடுக்குவாத நோயாளிகளுக்குத் திரை விளையாட்டைப் பரிந்துரைக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயன்முறை மருத்துவர்களுக்கு,

வணக்கம். பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தோடு ஆறு ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் மகள் நான். கேமராவோ மிதிபலகையோ உடலசைவை உணர்ந்துகொள்ள, அதற்கேற்பத் திரையில் உருவம் அசையும் வீடியோ கேம் பயிற்சியை உங்களில் சிலர் சிகிச்சைக்குள் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் மாத்திரைக்கு இருப்பது போல அந்த விளையாட்டுக்கும் அளவு, வேளை, கண்காணிப்பு மூன்றையும் நீங்களே குறித்துத் தர வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நாள் முழுவதும் சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுத்தவர் என் அப்பா. இன்று அடுக்களை நிலைப்படிக்கு முன்னால் வந்ததும் அவருடைய கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் மட்டும் எழுவதில்லை. அந்த நேரத்தில் ஒரு விளக்குமாற்றை அவர் பாதத்துக்கு முன் குறுக்கே போட்டால், ஒன்றுமே நடக்காதது போல அதைத் தாண்டி உள்ளே போய்விடுவார். மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் குறையும்போது தானாக நடக்க வேண்டிய அசைவு தடைபடுகிறது என்பதும், வெளியிலிருந்து வரும் கோடோ தாளமோ அந்தத் தடையைக் கடக்க உதவுகிறது என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திரையில் உருண்டு வரும் பந்தும் தாண்டச் சொல்லும் வளையமும் செய்வது அந்த விளக்குமாற்றின் வேலையைத்தான். கூடவே, அடுத்த அடியை எங்கே, எப்போது வைப்பது என்று யோசிக்கவும் வைக்கின்றன.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு, அதற்கு ஓர் எல்லையும் உண்டு. அடிக்கடி விழும் 302 முதியவர்களை ஐந்து நாடுகளில் சேர்த்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2016இல் லான்செட் இதழில் வெளியானது. அவர்களில் கணிசமானோர் பார்க்கின்சன் நோயாளிகள். வாரம் மூன்று முறை, ஆறு வாரம் டிரெட்மில்லில் நடந்தவர்களில், திரையில் வரும் தடைகளையும் தாண்டி நடந்தவர்கள் விழும் எண்ணிக்கை ஆறு மாதத்துக்குச் சராசரியாக 11.9இலிருந்து 6 ஆகக் குறைந்தது. வெறுமனே நடந்தவர்களுக்கு 10.7 என்பது 8.3 வரைதான் இறங்கியது. மறுபுறம், பிரேசிலில் 32 நோயாளிகளை வைத்து நின்டெண்டோ நிறுவனத்தின் ‘வீ’ (Wii) என்னும் கருவியில் உடலை அசைத்து ஆடும் விளையாட்டையும் வழக்கமான சமநிலைப் பயிற்சியையும் ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வில் இரு தரப்பாரும் தேறினார்கள்; விளையாட்டுக்கென்று கூடுதல் பலன் எதுவும் தென்படவில்லை. ஆகவே கருவியை வாங்கி வைத்ததாலேயே சிகிச்சை உயர்ந்துவிட்டதாக விளம்பரப்படுத்துவது எனக்கு உவப்பாக இல்லை.

நாங்கள் போன ஒரு மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவைத் திரைக்கு முன் நிறுத்திவிட்டு, பொறுப்பில் இருந்தவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். பக்கவாட்டில் பறந்து வரும் பலூன்களைக் கையால் தட்ட வேண்டும். முதல் சில நிமிடங்கள் நன்றாகவே போயின. பிறகு பலூன்கள் வேகமெடுத்தன, எதைத் தட்டலாம் எதை விடலாம் என்று நிறமும் மாறியது. அப்பா ஒரு கணம் திகைத்தார், அண்ணாந்து பார்த்தார், பின்பக்கமாக இரண்டு மூன்று குட்டி அடிகள் வைத்தார். சுவரோரம் நின்ற நான் ஓடிப்போய்த் தாங்கியதால் தரையில் விழவில்லை. திரையோ அவர் தோற்றதாக அறிவித்து, சோகமாக ஓர் இசையும் போட்டது.

அவசர முடிவு கேட்கும் விளையாட்டு இந்த நோய்க்காரர்களுக்குக் கடினம் என்பது புதிய செய்தியன்று. தொடக்க நிலை நோயாளிகள் 16 பேருக்குப் பத்து வீ விளையாட்டுகளைக் கற்பித்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், ஏழு விளையாட்டுகளை அவர்கள் மற்ற முதியவர்களைப் போலவே கற்றுக்கொண்டார்கள், மூன்றில் பின்தங்கினார்கள். எனவே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இயந்திரத்திடமோ வீட்டாரிடமோ விட்டுவிடாதீர்கள். டோபமைன் குறையை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் பயிற்சியை வையுங்கள். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பாருங்கள். பின்னோக்கி அடி வைக்கச் சொல்லும் ஆட்டங்களைத் தனியே ஆட விடாதீர்கள். அருகில் பிடிமானத்துக்குக் கனமான நாற்காலி இருக்க வேண்டும், காலடியில் மிதியடி கிடக்கக் கூடாது. இவ்வளவையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகுமா?

வீட்டிலும் இது நடக்கும். நெதர்லாந்தில் 130 நோயாளிகளை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், திரை விளையாட்டு இணைத்த உடற்பயிற்சி சைக்கிளை ஆறு மாதம் வீட்டிலேயே மிதித்தவர்களுக்கு, உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அசைவுக் குறைபாடு மெதுவாகவே கூடியது. அவர்களைத் தொலைவிலிருந்து ஒருவர் விசாரித்துக்கொண்டே இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் உங்களில் சிலருக்கு, அப்படி விசாரிக்கும் வாய்ப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. விலையுயர்ந்த கருவிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வீ, உடலசைவைக் கேமராவால் உணரும் கினெக்ட் ஆகிய இரண்டு கருவிகளின் உற்பத்தியும் நின்று ஆண்டுகள் ஆகின்றன, அடுத்து வருவதும் ஒருநாள் நிற்கும்.

“சின்னப் பசங்க ஆட்டமெல்லாம் எனக்கெதுக்கு?” என்றவர்தான் அப்பா. இப்போது வீட்டுத் தொலைக்காட்சியில் மெதுவாக ஓடும் பந்து விளையாட்டு ஒன்றை வாரம் நான்கு நாள், நான் பக்கத்தில் நிற்க, ஆடுகிறார்; தொடங்கும் முன் “நேத்து எத்தனைம்மா?” என்று கேட்பார். அன்றைய புள்ளி, மாத்திரை போட்ட நேரம், தடுமாறிய தடவை எல்லாவற்றையும் வரவரச் சிறுத்துவரும் தன் கையெழுத்தில் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறார். ஏழு மாதக் கணக்கு அதில் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது அதைக் கொண்டுவருகிறோம். தயவுசெய்து வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த மாதம் எதை மாற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நடுக்குவாத நோயாளி ஒருவரின் மகள்,
திருச்சிராப்பள்ளி.