ஒவ்வொரு வங்கிக் கிளையும் தன் பகுதிக்குக் கணக்குக் காட்ட வேண்டும்

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுமத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். பழைய வண்ணாரப்பேட்டையில் மொத்தக் கடைகளுக்குத் துணி தைத்துக் கொடுப்பவர்கள், வியாசர்பாடியில் ஒன்றிரண்டு லேத் எந்திரங்களை வைத்துக் கூலிக்குக் கடைசல் வேலை செய்பவர்கள், காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் பெண்கள் ஆகியோரின் வரவு செலவையும் கடன் விண்ணப்பங்களையும் நெருங்கிப் பார்த்து வருபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டின் கடன் – வைப்பு விகிதம் நூறு சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. இம்மாநிலத்தில் திரட்டும் வைப்புத்தொகையைவிட அதிகமாக இங்கே கடன் வழங்குகிறீர்கள் என்பது உண்மை, அது பெருமைக்குரியதும்கூட. ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒரு பெரிய மோட்டார் வாகனத் தொழிற்சாலையும் இருக்கிறது, அதற்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் நான்கு பேர் பட்டறையும் இருக்கிறது. எந்தத் தெருவில் திரட்டிய பணம் எந்தத் தெருவுக்குப் போனது என்பதை அந்த எண்ணிலிருந்து யாராலும் அறிய முடியாது. ஒரு வங்கி தன் கடனில் 7.5 சதவீதத்தைக் குறுந்தொழில்களுக்குத் தர வேண்டும் என்ற முன்னுரிமைக் கடன் இலக்கும் வங்கி முழுமைக்கும் கணக்கிடப்படுவதால், ஒரு கிளை தன் பகுதியை முற்றிலும் மறந்திருந்தாலும் இலக்கு எட்டப்பட்டுவிடும்.

மறக்கப்பட்ட இடத்தை நிரப்புவது தண்டல். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்து 9,000 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நிலுவை நாள்தோறும் குறைந்து வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்துக்கு மேல் வருகிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது, தண்டல் நிற்கவில்லை. கடன் வாங்குபவர்களுக்குக் கணக்குத் தெரியாததால் இது நடக்கவில்லை. கேட்ட அன்றைக்கே பணம் வருகிறது, வசூலுக்கு ஆள் கடை வாசலுக்கே வருகிறார், அன்றன்றைய விற்பனையிலிருந்து சிறு தொகையாகக் கட்டிவிட முடிகிறது. இவற்றைவிட முக்கியமானது, தண்டல்காரருக்கு அந்தக் கடையைத் தெரியும். எந்த மாதம் வியாபாரம் படுக்கும், மீன்பிடித் தடைக்காலத்தில் யார் எப்படிச் சமாளிப்பார்கள், எந்த மொத்தக் கடை பணத்தை இழுத்தடிக்கும் என்பதையெல்லாம் அவர் நாள்தோறும் நேரில் பார்க்கிறார். உங்கள் கிளை மேலாளர் திறமையில் குறைந்தவரல்லர். அவருக்கு இதைப் பார்க்க நேரமும் இல்லை, பார்த்துப் பழகி முடிக்கும்போது பணியிட மாறுதல் ஆணையும் வந்துவிடுகிறது.

இதனால் நேரும் அநீதி ஒன்றை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக ஒருநாள்கூடத் தவறாமல் தண்டல் கட்டிவரும் ஒரு பெண் வங்கிக்கு வந்தால், அவருக்குக் கடன் வரலாறே இல்லை என்று கணினி சொல்கிறது. அத்தனை கடுமையான வட்டியையும் ஒழுங்காகக் கட்டியவரைவிட நம்பத்தக்க கடனாளி யார் இருக்க முடியும்?

50,000 ரூபாய்க்கு உட்பட்ட தேவைகளுக்குத் தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி திட்டம், சிறுதொழில்களுக்கான முத்ரா திட்டத்தின் சிசு பிரிவு, சுய உதவிக் குழுக் கடன் என வழிகள் ஓரளவு திறந்திருக்கின்றன. சொத்துப் பத்திரம் வைத்திருப்பவருக்குப் பெரிய கடன்களும் கிடைக்கின்றன. இடையில், ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை வேண்டியவர்தான் திண்டாடுகிறார். இரண்டாவது லேத் எந்திரம், பவர் தையல் எந்திரங்கள், குளிர்பதனப் பெட்டி என்று தொழில் ஒரு படி ஏற வேண்டிய இடமே இதுதான். சிறு, குறுந்தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே அறிவுறுத்தியது. வங்கிகளின் இழப்பை ஈடுகட்டக் கடன் உத்தரவாத அறக்கட்டளை 2000 முதல் இயங்கி வருகிறது. இருந்தும் ஒரு கிளையில் என்னுடன் வந்த பட்டறைக்காரரிடம், வீட்டுப் பத்திரம் இல்லையென்றால் நகையைக் கொண்டுவந்து நகைக்கடனாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாரியக் குடியிருப்பில் வசித்து, வாய்மொழி வாடகையில் பட்டறை நடத்தும் அவர் பத்திரத்துக்கு எங்கே போவார்?

இதற்கான வழிகள் இந்த நகரத்துக்குப் புதியவையல்ல. உறுப்பினர்களின் சேமிப்பைத் திரட்டி அவர்களுக்கே கடன் தரும் மயிலாப்பூர் இந்து பர்மனன்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கப்பட்டது. கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பற்றி ஆங்கிலேய அதிகாரி ஃபிரெடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்துக்காக எழுதிய அறிக்கைதான் 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிகாட்டியது. 1978-இல் ஜெயா அருணாசலம் இதே சென்னையில் உழைக்கும் பெண்களுக்கான அமைப்பாக வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரத்தைத் தொடங்கி, சிறுவியாபாரம் செய்யும் பெண்களுக்கு முதலில் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளிடம்தான் கடன் பெற்றுத் தந்தார். சில ஆண்டுகளிலேயே அவர்களுக்கென்று தனியாகக் கூட்டுறவுக் கடன் சங்கமும் அமைக்க வேண்டியிருந்தது. அகமதாபாத்தில் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை போட்டு நாலாயிரம் பெண்கள் 1974-இல் நிறுவிய சேவா வங்கி இன்றும் இயங்குகிறது. பகுதியை அறிந்தவர்கள் நடத்தும்போது ஏழைக்குக் கொடுத்த கடன் திரும்பி வருகிறது என்பதை இவை காட்டியிருக்கின்றன.

வெளிநாட்டு அனுபவமும் நமக்குப் பயன்படும். சில பகுதிகளுக்குக் கடன் மறுக்கப்பட்டுவந்த நிலையை மாற்ற அமெரிக்கா 1977-இல் சமூக மறுமுதலீட்டுச் சட்டத்தை இயற்றியது. தான் வைப்புத்தொகை திரட்டும் பகுதியின் கடன் தேவையை ஒரு வங்கி எப்படி நிறைவேற்றுகிறது என்பதை அதன்படி மதிப்பிட்டு வெளியிடுகிறார்கள். சிகாகோவில் 1973 முதல் சமூக வளர்ச்சி வங்கியாக இயங்கிய ஷோர்பேங்க், ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் வங்கதேசத்தின் கிராமீன் வங்கிக்குத் தொடக்கக் காலத்தில் ஆலோசனை வழங்கிய அளவுக்கு மதிக்கப்பட்டது. வீட்டுக்கடன் நெருக்கடியில் சிக்கி அது 2010-இல் மூடப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரே நகரத்தின் கட்டடங்களை நம்பிக் கடன் கொடுத்த வங்கிக்கு நேர்ந்த கதி அது. பல தொழில்களில் சிறு கடன்களாகப் பரவி நிற்கும் வங்கிக்கு அதே அபாயம் இருப்பதாக நான் கருதவில்லை.

ஆகவே, சென்னையின் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் திரட்டிய வைப்பையும், அதே பகுதியின் குறுந்தொழில்களுக்குப் பிணையமின்றி வழங்கிய கடனையும் ஆண்டுதோறும் தன் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்று தீர்மானியுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதையே முதலில் கேட்கிறேன். எண் வெளியே தெரிந்தால் கேள்வி கேட்க ஆள் வரும். அடுத்து, வியாசர்பாடி, காசிமேடு போன்ற சில இடங்களிலாவது, குறைந்தது ஐந்தாண்டு மாற்றப்படாத கடன் அலுவலர்களை நியமித்து, பத்திரத்தைப் பாராமல் தினசரி வரவு செலவைப் பார்த்துக் கடன் வழங்கும் அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். யுபிஐ வரவு, மொத்தக் கடைக்காரரின் சீட்டு, எங்களைப் போன்றோர் எழுதும் கணக்கு ஆகியவை சான்றாக ஏற்கப்பட வேண்டும். தவணையும் தொழிலின் போக்குக்கு ஏற்ப நாளுக்கோ வாரத்துக்கோ கட்டும்படி இருக்கட்டும். வட்டித் தள்ளுபடி எதையும் நாங்கள் கேட்கவில்லை. தண்டலில் 75 சதவீதம் கட்டுகிறவருக்கு உங்கள் வழக்கமான வட்டி பாரமாகாது.

விண்ணப்பத்தை மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது 2003-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நியாய நடைமுறை விதிகளிலேயே உள்ளது. அதைத் தமிழில், விண்ணப்பதாரர் கையில் கொடுக்கும்படி எல்லாக் கிளைகளுக்கும் அறிவுறுத்தி, குழுமத்தின் அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் இக்கோரிக்கைகளைப் பொருள்நிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால், நான் கணக்கு எழுதும் தொழில்முனைவோர் சிலர் தங்கள் ஏடுகளுடன் நேரில் வந்து விளக்க ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
வடசென்னைக் கணக்கர் ஒருவர்