நம்ம போட்டோகிராபி சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். மாசக் கூட்டம், மார்கழி கோலம் போட்டோ வாக், லைட்டிங் கிளாஸ் எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, வரவு செலவை பொருளாளர் வாசிப்பாங்க, அதனால நான் இந்த வருஷம் ஆரம்பிச்ச பிள்ளைங்க இல்லத்து வகுப்பைப் பத்தியே சொல்லிடுறேன்.

இல்லத்தோட பேரும் ஊரும் இதுல வராது. பாலியல் கொடுமையில இருந்து மீட்ட பொண்ணுங்க பாதுகாப்பா இருக்கிற இடம் அது. அந்தப் பிள்ளைங்களை அடையாளம் காட்டுற எதையும் வெளிய விடக்கூடாதுன்னு 2012 போக்சோ சட்டம் 23வது பிரிவும் 2015 சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவும் சொல்லுது. குழந்தைகள் நலக் குழு அனுமதி, போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் முடிஞ்சுதான் நம்ம மகளிர் உறுப்பினர்கள் உள்ள போனாங்க, பிள்ளைங்களுக்கு கவுன்சலிங் குடுக்கிற மேடம் எல்லா வகுப்புலயும் கூடவே இருந்தாங்க.

போட்டோவை வச்சே மிரட்டப்பட்ட பிள்ளைங்களும் அதுல இருக்காங்க, அவங்க முன்னாடி எடுத்த எடுப்புல கேமராவை நீட்டக்கூடாதுன்னு மேடம் கண்டிப்பா சொல்லிட்டாங்க. அதனால முதல்ல சயனோடைப். 1842ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச முறை, கேமராவே வேணாம், ரசாயனம் பூசின பேப்பர்ல முருங்கை இலை, வளையல், சீப்புன்னு கைக்கு கிடைச்சதை வச்சு வெயில்ல காட்டி தண்ணியில அலசினா நீலமா படம் வந்துடும், நம்ம ஊர் வெயிலுக்கு கேக்கவே வேணாம். பூசுற வேலையை நம்ம ஆளுங்களே கிளவுஸ் போட்டு முடிச்சு கொண்டுபோனாங்க.

அப்புறம்தான் பழைய டிஜிட்டல் கேமரா, வைஃபை இல்லாதது, பிளாஷ் மேல கருப்பு டேப். ஆளை எடுக்கணும்னா கேட்டுட்டுத்தான் எடுக்கணும், வேணாம்னா வேணாம்தான், வார்டன் அக்காவுக்கும் நமக்கும் அதே ரூல். தன்னோட படத்தை வச்சுக்கிறதா அழிக்கிறதான்னு அந்தப் பிள்ளைதான் முடிவு பண்ணும்.

ஒரு பிள்ளை ஒரு படத்தை டெலீட் பண்ணிட்டு "நெஜமாவே போயிடுச்சா அக்கா?"ன்னு திரும்பத் திரும்ப கேட்டா. நம்ம உறுப்பினர் பொய் சொல்லல, டெலீட் பண்ணாலும் மேல வேற படம் ஏறுற வரைக்கும் கார்டுல இருந்து மீட்டுட முடியும்னு உள்ளதைச் சொன்னாங்க, உடனே ரெண்டு பேருமா மொட்டை மாடிக்குப் போய் கார்டு நிறையுற வரைக்கும் வானத்தையே எடுத்துத் தள்ளினாங்க. அன்னிக்கு அவ நல்லா சாப்பிட்டான்னு வார்டன் அக்கா போன்ல சொன்னாங்க, எனக்கு இந்த வருஷத்துல அதைவிட நல்ல சேதி வேற இல்ல. வகுப்பால எல்லாம் சரியாயிடுச்சுன்னு நாம சொல்லிக்க வேணாம், சிகிச்சை மேடத்தோட வேலை, நாம அதுக்குப் பக்கத்துல நிக்கிறோம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 19 உலக போட்டோகிராபி தினத்துக்கு இந்தப் படங்களை கண்காட்சி வைக்கலாமேன்னு சிலர் ஆசையா கேட்டீங்க. முகம் இல்லாட்டியும் சுவர், ஜன்னல், கேட்டை வச்சே இடத்தைக் கண்டுபிடிச்சிடலாம், அதுவும் போக அந்தப் படங்கள் அவங்களோடது, செயற்குழு வேணாம்னு முடிவு பண்ணிடுச்சு. பிரிண்ட் எல்லாம் அவங்கவங்க ஆல்பத்துக்குப் போகுது, இல்லத்தை விட்டுப் போறப்ப ஆல்பமும் கார்டும் கையோட போகும்.

அடுத்த வருஷத்துக்கு வீட்ல சும்மா கிடக்கிற சின்ன டிஜிட்டல் கேமரா, சார்ஜர், மெமரி கார்டு குடுங்க, மொபைல் வேணாம். வகுப்பு எடுக்க வர்ற மகளிர் உறுப்பினர்கள் ஒரு வருஷம் முழுசா வர முடியும்னா மட்டும் பேர் குடுங்க, ரெண்டு வாரம் வந்துட்டு நின்னுட்டா அந்தப் பிள்ளைங்க தாங்க மாட்டாங்க.

இப்படிக்கு,
செயலாளர்