மொய் எழுதிய பெரியவருக்கும், கூடவே நின்ற எல்லோருக்கும்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி சொந்தங்களுக்கு வணக்கம்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைகளின் சிகிச்சைக்காக, ஒகேனக்கல் வரை சைக்கிள் மிதித்து நான் உங்களிடம் கேட்ட பணம் சேர்ந்துவிட்டது. கேட்டது மூன்று லட்சம். நேற்று ராத்திரி கணக்கு முடித்தபோது ரூ. 3,41,000-ஐத் தாண்டியிருந்தது. சைக்கிளும் ஒகேனக்கல் போய்ச் சேர்ந்துவிட்டது, நானும் முழுசாகத்தான் இருக்கிறேன். தொடை இரண்டும் மட்டும் இன்னும் படி இறங்க விடவில்லை. பிள்ளைகளின் நிலைமை உங்கள் எல்லோருக்கும் தெரியும், மறுபடி எழுதவில்லை. அவர்களின் அம்மாக்கள் நேற்று போனில் பேசியதை எழுத உட்கார்ந்தால் இந்த மடல் முடியாது. நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி பெரியவருக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காவேரிப்பட்டணம் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மண்டப வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறவர் என்றால் பாதிப் பேருக்குப் புரிந்துவிடும்.

அவர் முதலில் வந்தது ரத்தம் கொடுக்க. தலசீமியா பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், அதுவும் ஆயுசு முழுக்க என்று யாரோ சொல்லக் கேட்டு, வெளுத்த வேட்டி சட்டையில் முகாமுக்கு வந்து வரிசையில் நின்றார். 65 வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். கேட்டவர்களிடம் தன் வயது 71 என்று அவரே சொல்லிவிட்டார். திருப்பி அனுப்பியதில் அவருக்குக் கோபம். வெளியே வந்து, "ரத்தம் வேண்டாம்னா போகுது கண்ணு, காசு எப்படி வாங்கற?" என்றார். போனில் கியூஆர் கோடைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இதுல யார் எவ்ளோ போட்டாங்கன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த வாரம் டீக்கடை வாசலில் மேசை போட்டுவிட்டார். நீள நோட்டில் பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள். எவர்சில்வர் தட்டில் குங்குமம், கற்கண்டு. பக்கத்தில் நான் ஒட்டிய கியூஆர் அட்டையும் இருந்தது, அதை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. முதலில் ஊர், அப்புறம் அப்பா பெயர், அப்புறம் கொடுப்பவர் பெயர், கடைசியில் தொகை. எழுதியதும் மண்டபத்தில் படிப்பது போலவே உரக்கப் படித்தார்.

அந்த அட்டையைத் தினமும் தாண்டிப் போனவர்களெல்லாம் நின்றார்கள். 51, 101, 201 என்று விழ ஆரம்பித்தது. ஒருவர் 500 ரூபாய்த் தாளை நீட்டினார். பெரியவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். அந்த மனிதர் பை முழுக்கத் துழாவி ஒரு ரூபாய் எடுத்து வைத்த பிறகுதான் எழுதினார். இன்னொருவர் பெயர் வேண்டாம் என்றார். "பேரில்லாத மொய் எழுத மாட்டேன், உண்டியல்ல போடறதுன்னா கோயிலுக்குப் போ." அவரும் பெயர் சொல்லிவிட்டுத்தான் போனார். டீக்கடைப் பையன் வைத்த 21 ரூபாயையும் மாங்காய் மண்டிக்காரர் வைத்த 5,001 ரூபாயையும் அதே குரலில், அதே சத்தத்தில் படித்தார். எனக்கு அந்த இடம்தான் தொண்டையை அடைத்தது.

மொய் திருப்பி வைக்கக் கடன் வாங்கிய குடும்பங்களும் எனக்குத் தெரியும். அதைப் பெருமை பேச வரவில்லை. ஆனால் நம் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குத் தோள் கொடுக்க நாலு பேர் சேர்வது இந்த நோட்டு வழியாகத்தான். அதைத் தெரிந்து வைத்திருந்தவர் அவர்.

கூட்டம் குறைந்ததும் இந்த நோய் எப்படி வருகிறது என்று கேட்டார். அப்பா, அம்மா இருவருக்கும் இந்த நோயின் மரபணு இருந்தால், அவர்கள் பார்க்க நன்றாகவே இருப்பார்கள், ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, ஒரு ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றேன். "நம்மள்ல தாய்மாமன், அத்தை மகன்னுதானே கட்டறோம்" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இப்போது மொய் எழுதக் கூப்பிட வருகிறவர்களிடம், பொண்ணு மாப்பிள்ளைக்கு அந்த டெஸ்ட் எடுத்தாச்சா என்று கேட்கிறாராம். ஒரு வீட்டில் முகம் சுளித்தார்களாம். கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

மற்றவர்களுக்கு மொத்தமாகச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தருமபுரி வரை கூடவே மிதித்து வந்த கல்லூரிப் பிள்ளைகள், காரிமங்கலத்தில் பஞ்சர் ஒட்டிவிட்டுக் காசு வாங்க மறுத்த அண்ணன், களியும் கீரைக் கடைசலும் போட்டு அரை மணி நேரம் படுக்கவும் வைத்த அக்கா, இண்டூரில் மோர்ச் சொம்போடு ரோட்டில் நின்ற வீட்டார், ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்துகொண்டு சம்பள நாளில் மறக்காமல் அனுப்பிய தம்பிகள். பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் ஒரே இறக்கம், பெடல் போடாமலேதான் போனேன். அந்தக் கிலோமீட்டருக்கும் உங்களிடம் காசு வாங்கியிருக்கிறேன். பெரிய தொகை தருவதாகச் சொல்லிவிட்டு அப்புறம் போனையே எடுக்காத கம்பெனிக்காரர்கள் விட்ட பள்ளத்தை 51 ரூபாய்கள் அடைத்துவிட்டன.

ஏற்றும் ரத்தத்தோடு இரும்புச் சத்தும் உள்ளே போகிறது. உடம்புக்கு அதை வெளியே தள்ளத் தெரியாது, இதயத்திலும் ஈரலிலும் போய்த் தங்கிவிடும். அதை எடுக்கும் மாத்திரை தினமும் வேண்டும். பணத்தில் பெரும்பகுதி அதற்கு. மீதி, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு அண்ணன் தங்கைகளின் மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்கும் பரிசோதனைக்கும் போக்குவரத்துக்கும். பில்கள் எல்லாம் நோட்டோடு சேர்த்துக் கட்டி வைக்கப்படும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இனி நான் செய்ய வேண்டியது. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம். உடம்பு இடம் கொடுக்கும் வரை என் முறையைத் தவற விடமாட்டேன். கல்லூரிகள் லீவு விடும் கோடையில்தான் ரத்தத்துக்குத் தட்டுப்பாடு, அப்போது உங்கள் வீட்டுக் கதவையும் தட்டுவேன். நீள நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதில் பெயர் இருக்கும் ஒவ்வொரு வீட்டு விசேஷத்துக்கும் வந்து மொய் வைப்பேன், ஒரு ரூபாய் சேர்த்தே வைப்பேன். மறக்காமல் பத்திரிகை அனுப்புங்கள். சைக்கிளில்தான் வரவேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.